வாயில் காவலனுக்கு மதிப்பெண் இல்லை

பதினேழாவது தாளை முடித்து ஓரமாக வைத்தபோது ஆவுடைநாயகிக்கு வலது கட்டைவிரலின் அடியில் ஒரு குடைச்சல் இருந்தது. அது இன்று நேற்று வந்ததல்ல, இருபத்துநாலு வருஷம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து, வருஷத்துக்கு இரண்டு தடவை பல்கலைக்கழகத்தின் இந்தப் பெரிய கூடத்தில் வந்து உட்கார்ந்து, முகம் தெரியாத பிள்ளைகளின் விடைத்தாளைச் சிவப்பு மையில் திருத்தித் திருத்திச் சேர்த்த சொத்து. மணி பதினொன்றே முக்கால். காலை அமர்வுக்கு இருபத்தைந்து தாள், ஒரு மணிக்குள் ஆள் வந்து கட்டைக் கயிறு போட்டுக் கட்டி அரக்கு வைத்துவிடுவான், இன்னும் எட்டு இருக்கிறது, முடித்துவிடலாம், முடித்துவிட்டு எலுமிச்சஞ்சோற்றைத் தின்னலாம், தயிர் புளித்திருக்குமா, புளித்திருக்கும், இந்த வெயிலுக்குப் புளிக்காமல் என்ன செய்யும். தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்று சொன்னது. டக். பதினெட்டாவது கேள்வி. டக். கரைமுரசு நாடகத்தில் இளவரசி ஆதிரையாளின் சாவுக்குப் பொறுப்பானவர் யார், ஆராய்க, பத்து மதிப்பெண். பதினேழு பிள்ளைகளும் ஆராய்ந்துவிட்டார்கள். பதினேழும் ஒரே ஆராய்ச்சி.

கரைமுரசு பழைய செய்யுள் நாடகம், பாடத்திட்டம் எத்தனை தடவை மாறினாலும் அது மட்டும் அசையாது. கதை சின்னது. ஏரி பெருகி ஊருக்குள் வரப் பார்க்கிறது. மன்னன் செழுங்கோ மூன்று பகல் மூன்று இரவு கரையிலேயே நின்றுவிட்டு ஒரு ஆணை போடுகிறான்: தண்ணீர் எல்லைக்கல்லைத் தொட்டால் முரசை அடி, முரசு கேட்டதும் கிழக்குக் கரையை வெட்டிவிடு, வெள்ளம் தாழ்வெளிக்குப் போகட்டும், ஊர் பிழைக்கட்டும். தாழ்வெளியில் ஆள் இல்லை என்று அமைச்சர் உறுதி சொல்கிறார். அன்றைக்கென்று பார்த்து இளவரசி யாருக்கும் தெரியாமல் ஓடம் ஏறித் தாழ்வெளிக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அது தோழி தத்தைக்கு மட்டும் தெரியும். அவள் அதைச் சொல்ல ஓடி வருவதற்குள் மன்னன் உச்சி வெயிலில் அரண்மனைக்குத் திரும்பிப் படுத்துவிட்டான். மாலைக்குள் கல் நனைகிறது, கிணையன் முரசை அடிக்கிறான், கரையை வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் எல்லாரும் அழுகிறார்கள். இருபத்துநாலு வருஷமாக அவள் அந்தக் கடைசிக் காட்சியைக் குரல் தழுதழுக்க நடத்தி, மணி அடித்ததும் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறாள். விடைக்குறிப்பும் சின்னதுதான், இதோ தாள்கட்டுக்கு அடியில் கிடக்கிறது, எல்லாரும் அதைக் கீ என்பார்கள்: மன்னனின் அவசர ஆணை நாலு, அமைச்சரின் பொய்யுறுதி நாலு, ஊழ் இரண்டு. பழி பங்கு பிரித்தாகிவிட்டது, கூட்டினால் சரியாகப் பத்து.

அதில் ஒரு கூத்து உண்டு. பதினேழு பிள்ளைகளும் மேற்குக் கரையை வெட்டியிருந்தார்கள். நாடகத்தில் வெட்டுவது கிழக்குக் கரை. மேற்கை வெட்டினால் தண்ணீர் ஊருக்குள் அல்லவா போகும், ஊர் மொத்தமும் அல்லவா சாகும், இளவரசி மட்டும் கோயிலில் சௌக்கியமாக இருப்பாள். எந்தப் பிள்ளையும் இதை யோசிக்கவில்லை, ஏனென்றால் எந்தப் பிள்ளையும் நாடகத்தைப் படிக்கவில்லை. படித்தது கடைவீதியில் விற்கிற நோட்ஸை. அந்த நோட்ஸில் மேற்கு என்று இருக்கிறது, பதினைந்து வருஷமாக, எத்தனையோ பதிப்பாக இருக்கிறது. இது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அதை எழுதியவள் அவள்தான். அட்டையில் பெயர் கிடையாது, அனுபவமிக்க பேராசிரியர்கள் என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு கோடை விடுமுறையில் பதிப்பகத்தார் வந்து கேட்டார்கள், மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார், ராத்திரி தூக்கமில்லாமல் எழுதிக் கொடுத்தாள், அதில் கிழக்கு மேற்காகிவிட்டது. பிறகு விடைக்குறிப்புக் குழுவில் யாரோ அந்த நோட்ஸை அப்படியே பார்த்துக் கீ தயாரித்தார்கள், வருஷா வருஷம் அதுவே வருகிறது. இந்தக் கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பது அவளுடைய வாக்கியத்தை, அவளுடைய தப்பை. முதலில் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் சிரிப்பும் வருவதில்லை, சிவப்பில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

பதினெட்டாவது தாள் மெலிந்த தாள். பாதிக் கேள்விக்குப் பதிலே இல்லை, இலக்கணத்தில் ஒன்றுமே தொடவில்லை, எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தது. கூட்டிப் பார்த்தால் இதுவரை இருபத்துநாலு. தேறுவதற்கு முப்பது வேண்டும். சரி, பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறதே, மேற்குக் கரையை வெட்டியிருந்தால் ஆறு வாங்கிவிடும், என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் மன்னரைச் சொல்வார்கள், என்று தொடங்கியிருந்தது. மன்னர் மூன்று நாள் தூங்கவில்லை. கிழக்குக் கரையை வெட்டச் சொன்னது ஊரைக் காப்பாற்ற. கிழக்கு. ஆவுடைநாயகி பேனாவை எடுத்த இடத்திலேயே நிறுத்தினாள். கிழக்கு என்று எழுதியிருக்கிறதே இந்தப் பிள்ளை. அமைச்சர் ஆள் இல்லை என்றார், அவருக்குத் தெரியாது. கிணையன் முரசை அடித்தான், அது அவன் வேலை. நான் வாயில் காவலனைச் சொல்கிறேன். அவனுக்குப் பேர் கிடையாது. நாடகத்தில் அவனுக்கு ஒரே வரி. தத்தை ஓடி வந்து மன்னரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவன், மன்னர் கண்ணயர்ந்தார், மாலை வருக, என்கிறான். கோபமாகச் சொல்லவில்லை. போ என்று சொல்லவில்லை, வருக என்கிறான். மன்னர் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறான். கெட்டது செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறவனை நாம் பிடித்துவிடலாம். இவனைப் பிடிக்க முடியாது. கடைசியில் எல்லாரும் அழும்போது இவனும் ஓரமாக நின்று அழுதிருப்பான், தான்தான் என்று அவனுக்கே தெரியாது. அவனைத் தண்டிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தத்தையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுப்பு என்று. அவளும் சொல்லவில்லை, வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். இரண்டு பேரும் மரியாதையான ஆட்கள். அதோடு பதில் முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெற்றுத்தாள்.

டக் என்றது மின்விசிறி. அவள் இன்னொரு தடவை படித்தாள். முன்கையில் மயிர் எழுந்து நின்றது, பார்த்தால் உண்மையாகவே எழுந்து நின்றது. மன்னர் கண்ணயர்ந்தார், மாலை வருக. இந்த வரி நாடகத்தில் எங்கே வருகிறது, மூன்றாம் அங்கத்தில், இரண்டாம் களத்தில், அவள் அதை வகுப்பில் வாசித்ததே இல்லை, நேரமில்லாதபோது தாண்டுகிற பக்கம் அது. பிறகு காவலன் போகிறான் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும், அவன் போய்விடுவான், திரும்ப வரமாட்டான். கோயிலுக்குள் ஆயிரம் தடவை போய்வந்தவளுக்கு, யாரோ ஒரு பிள்ளை சுவரோரம் விளக்கைத் தூக்கிப் பிடித்து அங்கே இன்னொரு சாமி நிற்பதைக் காட்டினது மாதிரி இருந்தது. இருபத்துநாலு வருஷம் அந்தச் சாமியைத் தாண்டிப் போயிருக்கிறாள். யார் இந்தப் பிள்ளை, ஆணா பெண்ணா, எந்த ஊர், பெயரெழுதிய ஓரத்தைக் கிழித்துவிட்டுத்தானே தருகிறார்கள். ற போட வேண்டிய இடத்தில் ர போட்டிருந்தது, ஒரு வரியை அடித்துவிட்டுத் திரும்ப அதே வரியை எழுதியிருந்தது. அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மலைப்பாக இருந்தது, கும்பிடலாம் போலக்கூட இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்ததால் கும்பிடவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள், இந்தப் பிள்ளை எய்தவனையும் விட்டுவிட்டது அம்பையும் விட்டுவிட்டது, வழியில் நின்று கதவை மெல்லச் சாத்திய கையைப் பிடித்துக்கொண்டது.

கை. கதவு. துறையறைக் கதவில் கை வைத்துக்கொண்டு முப்பிடாதி நின்றாள். வேண்டாம், இது இப்போது வேண்டாம், இன்னும் ஏழு தாள் இருக்கிறது. ஆனால் அவள் நின்றுவிட்டாள், இரண்டாம் வருஷத்துப் பெண், மாநிறம், நெற்றியில் வேர்வை, பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம். மேடம், ஒரு விஷயம் பேசணும். ஆவுடைநாயகி அப்போது உள்தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொன்னாளா, இல்லை. அதட்டினாளா, இல்லை. நாளைக்குக் காலைல வாம்மா, நிதானமா உக்காந்து பேசலாம். வாம்மா. சிரித்தும் வைத்தாள். சரிங்க மேடம் என்றாள் முப்பிடாதி, தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் போனது, பிறகு தேய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார், அடுத்த வாரம் கல்யாணம், நாலாவது மாதம் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். தவறி. ஆசிரியர் அறையில் அன்று முழுக்க அதே பேச்சு. புருஷனைச் சொன்னார்கள், மாமியாரைச் சொன்னார்கள், சம்பந்தம் பேசி முடித்த தாய்மாமனைச் சொன்னார்கள். ஆவுடைநாயகியும் சொன்னாள், அப்பன்காரனத்தான் சொல்லணும், படிக்கிற பிள்ளையக் கூட்டிட்டுப் போனாம்பாரு, என்றாள். குரல் தழுதழுக்கச் சொன்னாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அந்தப் பழியில் அவளுக்கு யாரும் பங்கு வைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. என்ன சொல்ல வந்தாள் அந்தப் பெண்? ஒருவேளை இலக்கணச் சந்தேகமாக இருக்கலாம். ஒருவேளை விடுப்புக் கடிதமாக இருக்கலாம். இதைப் பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லித்தான் அவள் சோறு தின்றிருக்கிறாள். அடுத்த கோடையில்தான் பதிப்பகத்தார் வந்தார்கள், அந்தக் கோடையில்தான் அவள் எழுதினாள், ஆதிரையாளின் சாவுக்குப் பொறுப்பு மன்னன், அமைச்சர், ஊழ். எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது கூட ஞாபகம் இருக்கிறது. ஏன் லேசானது என்று அன்றைக்குத் தெரியவில்லை. மூன்றாம் அங்கம் இரண்டாம் களத்தைத் தாண்டியது நேரமில்லாமலா?

“என்ன நாயகி, ஒரே தாள இம்புட்டு நேரமா வச்சுக்கிட்டு இருக்கிய?” பக்கத்து நாற்காலி ஜெசிந்தா, வேறு கல்லூரிக்காரி, இருபது வருஷமாக இந்த முகாமில் அவளுக்குக் கூட்டாளி. தாளை எட்டிப் பார்த்து இரண்டு வரி படித்தாள். “கீயில இல்லல்லா. சுழியப் போட்டுட்டுப் போங்க. பிள்ளைக்கு வேணும்னா மறுமதிப்பீடு போட்டுக்கிடும்.”

“நல்லா எழுதியிருக்கு, ஜெசிந்தா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கும். காலைல சீஃப் சொன்னதக் கேட்டியல்லா?”

கேட்டாள். தலைமைத் தேர்வாளர் இசக்கியப்பன் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். கீயில இருக்கா, மார்க்கு. இல்லையா, இல்ல. போன தடவ ஒருத்தர் இரக்கப்பட்டு அள்ளி வச்சுட்டு இப்ப மெமோவக் கையில வச்சுக்கிட்டு அலையுதாரு. கீயில் இல்லாத பதிலுக்கு மதிப்பெண் போட வேண்டுமானால் கட்டு கட்டுவதற்கு முன்னால் அவர் கையெழுத்து வேண்டும், இதுவரை யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. சுழியைப் போட்டால் என்ன? அவள் போடவில்லை, கீ போடுகிறது. கீயை யார் போட்டார்கள், குழு போட்டது. குழு எதைப் பார்த்தது, நோட்ஸைப் பார்த்தது. நோட்ஸை எழுதியது யார், அனுபவமிக்க பேராசிரியர்கள். எவ்வளவு அழகாகக் கைமாறுகிறது, கடைசிவரை போனாலும் ஒரு முகம் தட்டுப்படாது. இல்லாவிட்டால் இன்னொன்று செய்யலாம், சத்தமில்லாமல் செய்யலாம், செய்யுளில் ஒன்று, கடிதத்தில் இரண்டு, கட்டுரையில் மூன்று என்று அங்கங்கே தூவிவிட்டால் முப்பது வந்துவிடும், பிள்ளை தேறிவிடும், யாருக்கும் தெரியாது. அதுவும் மரியாதையான வழிதான். மன்னர் தூங்கட்டும், நாம் பின்வாசல் வழியாகப் போய்க்கொள்ளலாம் என்கிற மரியாதை. அப்படித் தூவினால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் சுழிதான் இருக்கும், நீ எழுதியது பதில் இல்லை என்றுதான் அந்தப் பிள்ளையிடம் இந்தத் தாள் சொல்லும். இந்தக் கூடத்தில் இன்னும் இரண்டாயிரம் தாள் இருக்கிறது, அதில் இன்னொரு பிள்ளையும் கிழக்குக் கரையைக் கண்டிருந்தால்? ஆனால் போய் என்னவென்று சொல்வது. கீ தப்பு என்று சொல்ல வேண்டும், எப்படித் தெரியும் என்று கேட்பார், நோட்ஸ் தப்பு என்று சொல்ல வேண்டும், அது உங்களுக்கு எப்படி என்பார். விற்பனைக்கு நோட்ஸ் எழுதியவர் விடைத்தாள் திருத்தக் கூடாது என்று விதி இருக்கிறது, படிவத்தில் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மணி பன்னிரண்டு நாற்பது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம். நாளைக்குக் காலையில் நிதானமாக. நிதானமாக உட்கார்ந்து. அவள் சட்டென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அது தரையில் இழுபட்ட சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தாள். இரண்டு பக்கமும் தலைகள் குனிந்திருந்தன, சிவப்பு டிக்குகள் விழுந்துகொண்டிருந்தன, எல்லா மேசையிலும் மேற்குக் கரை உடைந்துகொண்டிருந்தது. எத்தனை நல்லவர்கள், தேறாத பிள்ளைக்குக்கூட ஒரு மதிப்பெண் கூடப் போடுகிறவர்கள், வீட்டில் பேரன் பேத்தி வைத்திருப்பவர்கள். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்க முடியும் என்பதுதான் அவளுக்குத் திகைப்பாக இருந்தது, பயத்தையும் மீறிய திகைப்பு. வெள்ளம் என்று நாடகக்காரர் சொன்னது தண்ணீரை மட்டும்தானா. கூடத்தின் கோடியில் சீஃப் அறை, மூடிய கதவு, வெளியே முக்காலியில் பேச்சிமுத்து. அலுவலக உதவியாளர், அடுத்த வருஷம் ஓய்வு, அவள் முதன்முதலில் முகாமுக்கு வந்த நாளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷன். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க மேடம்.” குரலைத் தாழ்த்தினார். “சார் இப்பதான் கண்ணசந்தாவ. வீட்டம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருக்கு, மூணு ராத்திரியா பொட்டுத் தூக்கம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல வாங்களேன்.”

ஆவுடைநாயகி அவரைப் பார்த்தாள். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று ராத்திரி. கண்ணசந்தாவ. வாங்களேன். நரைத்த மீசை, கழுத்தில் ஒரு கருப்புக் கயிறு, கண்ணில் அந்த அறைக்குள் தூங்குகிற மனுஷன் மேல் அப்படியொரு பிரியம். இதோ, பேர் இல்லாதவன் என்று அந்தப் பிள்ளை எழுதியது இவரைத்தான், இவருக்குப் பேர் பேச்சிமுத்து, நல்ல மனுஷன். அவள் மட்டும் என்ன, அன்றைக்குக் கதவில் கை வைத்து நின்ற பெண்ணைப் பார்த்தபோது அவள் முகமும் இதே மாதிரிதான் இருந்திருக்கும், இப்போதுதான் அதை வெளியிலிருந்து பார்க்கிறாள், எவ்வளவு கனிவான முகம். அவளுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. கை கூப்பிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது, சரிங்க அண்ணாச்சி என்று நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அந்தச் சொல் எவ்வளவு லேசாக வருகிறது, முப்பிடாதிக்கும் அப்படித்தானே வந்தது, சரிங்க மேடம். கூடத்தின் மறுகோடியில் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு ஆள் வந்துவிட்டான், முதல் மேசையில் கட்டு கட்ட ஆரம்பித்தாயிற்று.

“எழுப்புங்க அண்ணாச்சி,” என்றாள்.

பேச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. “மேடம்?”

“எழுப்புங்க. கோவிச்சுக்கிட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கையில் இருக்கிற தாளைப் பார்த்தார். இருபத்துநாலு வருஷத்தில் இந்த அம்மா ஒரு தம்ளர் தண்ணீர்கூட அதிகப்படியாகக் கேட்டதில்லை. இரண்டு விரலை மடக்கிக் கதவில் மெல்லத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. ஆவுடைநாயகி கையை நீட்டி அவருடைய கைக்குப் பக்கத்தில் தானும் தட்டினாள், பலமாக. உள்ளே கட்டில் இல்லை, நாற்காலிதான், அது கிரீச்சிட்டது.

“யாரு?” தூக்கத்தில் கனத்த குரல்.

“ஆவுடைநாயகி, சார்.” அவள் குரலை உயர்த்தினாள். “பதினெட்டாவது கேள்விக்குக் கீயா வந்திருக்கிற நோட்ஸ எழுதுனவ.”